விவரம் தெரிந்தவர்கள் சேர்க்கவும்

என் அக்காவின் கணவர் மார்க்கண்டு நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வருமோ தெரியாது. கனடாவில், மொன்றியல் நோர் என்ற பகுதியில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் அவரும் அக்கா கிளியும் அவர்களின் ஒரே மகள் தனுஷிகாவும் இருந்தார்கள். மேல்தளத்தில் நான். டாக்ஸி ஓடிக் களைத்து வந்து காலை நீட்டுகிற நேரம் பார்த்துக் கீழே இருந்து கூப்பிடுவார்.

"சஞ்சீவன், ஒருக்கால் இறங்கி வாருமன். ஒரு முக்கியமான விசயம்."

அவருடைய முக்கியமான விசயம் எப்போதும் ஒன்றுதான். மென்பொருள் எல்லாருக்கும் பொதுச் சொத்து. எழுதியவன் அதைப் பூட்டி வைக்கக்கூடாது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். இதைச் சொல்லும்போது அவருடைய கண் கலங்கும். எனக்கோ பசியில் கண் இருட்டும்.

பகலில் சென் லோறன் பகுதியில் ஒரு தலையணைத் தொழிற்சாலையில் பஞ்சு அடைக்கிற வேலை அவருக்கு. கனடாவுக்கு வந்த புதிதில், அகதிகளுக்கென்று அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்குப் போனவர், அறை மாறிப் பக்கத்துக் கணினி வகுப்பில் போய் இருந்துவிட்டார். பிழை என்று தெரிந்தும் எழும்பவில்லை, கதிரை நன்றாக இருந்ததாம். அதனால் இன்றுவரை மனிதருக்குப் பிரெஞ்சு வராது. லினக்ஸ் வரும்.

விண்டோசுக்குப் பதிலாக இலவசமாகக் கணினியில் போடக்கூடிய அந்த லினக்ஸை இறுவட்டுகளில் பதிந்து, வெள்ளை உறையில் போட்டு, கலியாணவீடு, பிறந்தநாள், செத்தவீடு என்று எங்கே சனம் கூடினாலும் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் ஆட்களின் வீடுகளில் இருந்ததெல்லாம் கள்ள விண்டோஸ். அருமைராசா அண்ணையின் பலசரக்குக் கடையில், மிளகாய்த்தூள் பைகளுக்குப் பக்கத்தில் அது அடுக்கிக் கிடக்கும். அது களவுச் சாமான் என்று அத்தான் எடுத்துச் சொன்னால் சனம் கேட்காது.

"களவெண்டாலும் நாங்கள் காசு குடுத்து வாங்கினது அண்ணை. நீங்கள் சும்மா தாறியள். சும்மா தாறதுக்குள்ள என்னத்தைப் போட்டு வைச்சிருக்கிறியளோ ஆர் கண்டது?"

முகத்துக்காக வாங்கிப் போனவர்களும் அடுத்த கிழமையே திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள் என்றார் ஒருவர். இன்னொருவரின் மனைவிக்குத் திரையில் இருந்த லினக்ஸ் சின்னமான பென்குயின் பறவையின் பார்வை பிடிக்கவில்லையாம். குணரத்தினம் என்ற ஒரு மனிதர் மட்டும் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. அத்தானுக்கு அதில் பெரிய பெருமை. குணரத்தினத்தாரிடம் கணினியே கிடையாது என்பது பிறகுதான் தெரியவந்தது. கொடுத்த மனிதரின் மனம் நோகக்கூடாது என்று வாங்கி வைத்திருக்கிறார்.

இப்படி எல்லாப் பக்கத்தாலும் தோற்ற பிறகுதான் அத்தானுக்கு அந்த யோசனை வந்தது. மரண அறிவித்தல். வானொலியிலும் பத்திரிகையிலும் அதற்குக் காசு. இவர் இணையத்தில் ஒரு தளம் திறந்து, மொன்றியல் தமிழர் எவர் செத்தாலும் இலவசமாகப் போடலாம் என்று அறிவித்தார். அது மட்டுமல்ல, யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஒருவர் பிழையாகப் போட்டால் இன்னொருவர் வந்து சரியாக்குவார், அதுதான் திறந்த முறை என்றார். எதையும் அழிக்க மாட்டார். ஒவ்வொரு திருத்தத்தின் பழைய பதிப்பும் அப்படியே இருக்கும். இதுவும் அவருடைய கொள்கை.

எங்கள் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இனி என்ன வரும் என்று இங்கேயே விளங்கும். செத்தவரைப் பற்றி அதில் இரண்டு வரிதான். மிச்சம் முழுவதும் உயிரோடு இருப்பவர்களைப் பற்றி. அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும் ஆவார் என்று ஊரே வரும். யாருடைய பெயர் முன்னுக்கு, யாருடையது பின்னுக்கு, யாருடையது இல்லவே இல்லை என்பதில் கொலை விழாத குறை. அதைக் கொண்டுபோய் எவரும் திருத்தலாம் என்று நடு ரோட்டில் வைத்தால் என்ன நடக்கும்? சின்ன மருமகன் பெரிய மருமகனுக்கு மேலே ஏறுவான். பெரியவன் வந்து அவனை இறக்குவான். வருடம் முடிந்து ஆட்டத்திவசம் வந்தும் சண்டை ஓயாத குடும்பங்கள் உண்டு.

"பாரும், சனம் எவ்வளவு ஆர்வமாப் பங்களிக்குது" என்றார் அத்தான்.

இது வரைக்கும் பரவாயில்லை. அடுத்து இதற்குள் கோயில் வந்தது.

எங்கள் பிள்ளையார் கோயில் பெருந்தெருவுக்குப் பக்கத்தில், முன்பு கம்பளம் விற்ற ஒரு கிடங்கில் இருந்தது. அதன் செயலாளர் ஸ்ரீதரனுக்கு ஒரு மனக்குறை. ஒருவர் செத்தால் அவருடைய சொந்தக்காரருக்கு ஒரு மாதம் துடக்கு, கோயிலுக்குள் வரக்கூடாது, நல்ல காரியம் செய்யக்கூடாது. ஆனால் இந்த ஊரில் யார் யாருக்குச் சொந்தம் என்று யாருக்குத் தெரியும்? நேற்றுச் சுடலைக்குப் போனவர் இன்று முன்வரிசையில் நின்று கற்பூரம் தொட்டுக் கும்பிடுகிறார். ஆகவே ஸ்ரீதரன் அத்தானிடம் ஒரு பழைய கணினியை இலவசமாக வாங்கி அர்ச்சனைச் சிட்டு விற்கிற மேசையில் வைத்தார். பெயரைச் சொன்னால் அத்தானின் தளத்தில் தட்டிப் பார்ப்பார்கள். எந்த மரண அறிவித்தலிலாவது அந்தப் பெயர் இருந்தால் சிட்டு இல்லை.

எனக்கு வந்த விசர்க் கோபத்துக்கு அளவில்லை. சாமி கும்பிடப் போன மனிதனைக் கணினியில் போட்டுத் தேடுவதா? அத்தானோ பூரித்துப் போனார். லினக்ஸ் ஓடுகிற முதல் பிள்ளையார் கோயில் எங்களுடையதுதான் என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அந்தக் கோடையில் குணரத்தினத்தார் செத்துப்போனார். இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதக் கடைசி. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அறையில் தனியே இருந்தார். திருகோணமலை ஆள் என்பது தெரியும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. மூலைக்கடைப் பிரெஞ்சுக்காரர்தான் இரண்டு நாளாக ஆளைக் காணவில்லை என்று பொலிசுக்குச் சொன்னது. அத்தான் அன்று இரவே அவருக்கு ஒரு பக்கம் திறந்தார். பெயர் போட்டார், திருகோணமலை என்று போட்டார். சொந்தக்காரர் பகுதியில் போட ஒன்றும் இல்லை. ஆகவே அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: விவரம் தெரிந்தவர்கள் சேர்க்கவும்.

சேர்த்தார்கள்.

முதலில் சேர்க்கப்பட்டவர் அருமைராசா அண்ணை. குணரத்தினத்தாரின் பெறாமகன், அதாவது சகோதரன் மகன், என்று யாரோ போட்டுவிட்டார்கள். அருமைராசா மட்டக்களப்பார், அவருக்கும் செத்தவருக்கும் எந்த ஒட்டும் கிடையாது. ஆனால் அந்த வருடத் தேர்த்திருவிழா அவருடைய உபயம். பட்டுவேட்டியோடு சிட்டு மேசைக்குப் போனவரைக் கணினி பிடித்துக்கொண்டது. தேர் உபயம் அடுத்த ஆளுக்குப் போனது. அந்த அடுத்த ஆளின் முகத்தில் துக்கம் ஒன்றும் தெரியவில்லை.

இதைக் கண்டதும் சனத்துக்கு வழி பிடிபட்டுவிட்டது. மற்றச் செத்தவர்களுக்கெல்லாம் குடும்பம் இருந்தது, பட்டியலை யாராவது காவல் காத்தார்கள். குணரத்தினத்தாருக்குக் காவல் இல்லை. யாருக்கு யாரோடு பகையோ, அவரைக் கொண்டுவந்து குணரத்தினத்தாருக்குச் சொந்தமாக்கினார்கள். வாடகை தராதவர் மருமகன் ஆனார். சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு ஒளித்தவர் மைத்துனர் ஆனார். நடன ஆசிரியை ஒருத்தி நடத்தவிருந்த அரங்கேற்றத்துக்கு முதல்நாள், அவளோடு போட்டியில் இருந்த இன்னொரு ஆசிரியை அவளைப் பெறாமகள் ஆக்கினாள். உயிரோடு இருந்தபோது ஒருவருமே இல்லாத மனிதருக்குச் செத்து ஒரு கிழமைக்குள் நாற்பது சொந்தம்.

தங்களுக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று போய்ச் சொன்னவர்களுக்கு ஸ்ரீதரன் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். அதுக்குத்தானே கொம்பியூட்டர் வைச்சனாங்கள்."

சிலர் வீட்டில் இருந்து தங்கள் பெயரை அழித்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. பழைய பதிப்பில் பெயர் இருந்ததே. ஒருக்கால் சொந்தம் என்றால் சொந்தம்தான், அழித்துத் துடக்குக் கழிக்க ஏலாது என்று கோயில் நிர்வாகசபை தீர்மானம் எடுத்தது. முழுப் பக்கத்தையும் அத்தான் அடியோடு எடுத்துவிட்டால் மட்டும் எல்லாரையும் விடலாம் என்றார் ஸ்ரீதரன். அதற்கான கடவுச்சொல் அத்தான் ஒருவரிடம்தான் இருந்தது.

அருமைராசா நேரே வீட்டுக்கு வந்தார்.

"மார்க்கண்டு, அந்தப் பக்கத்தை எடும். எனக்கு மானம் போகுது."

"அண்ணை, நான் ஒண்டை அழிக்கத் தொடங்கினால் பேந்து அது என்ர கடையாப் போயிடும். இது சனத்தின்ர. சனம் பிழையாப் போட்டால் சனம்தான் திருத்த வேணும்."

"என்னைச் செத்தவன்ர சொந்தமாக்கினது சுதந்திரமோ?"

"ஓம் அண்ணை. கொஞ்சம் கரைச்சல்தான். ஆனால் சுதந்திரம்."

அருமைராசா தேநீரைக் குடித்து முடிக்காமல் எழும்பிப் போனார். அன்று பின்னேரம் குணரத்தினத்தாரின் பக்கத்தில் ஒரு புது வரி வந்தது. மார்க்கண்டுவின் பாசமிகு தந்தையும். அத்தான் தொலைபேசியில் கேட்டபோது அருமைராசா ஒளிக்கவில்லை.

"நான்தான் போட்டனான். சுதந்திரம்தானே."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தனுஷிகாவுக்கு ஆவணி கடைசி ஞாயிறு கலியாணம். மாப்பிள்ளை கீர்த்திகன் ரொறன்ரோ. இரண்டும் ஒன்றையொன்று விரும்பிய பிள்ளைகள். மாப்பிள்ளையின் தாய்க்குத்தான் இதில் அரை மனம். கோயிலில் வைத்துத் தாலி கட்டினால் சம்மதம், இல்லையென்றால் இல்லை என்று நின்றவர் அவர். ஆவணியை விட்டால் புரட்டாதி, கலியாணம் செய்யாத மாதம். அதற்குப் பிறகு அந்த அம்மாவின் அரை மனமும் எங்கே போய் நிற்குமோ தெரியாது. கிளி அக்கா ஒரு வருடமாக அந்த ஒரு ஞாயிற்றுக்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

புது வரி வந்த மறுநாள் ரொறன்ரோவில் இருந்து மாப்பிள்ளையின் தாய் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தங்கச்சி, சம்பந்தி வீட்டுக்காரர் நாங்கள். இவற்ர தகப்பன் தவறினதை எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே. நாங்கள் இன்ரநெற்றில பாத்தெல்லோ அறிய வேண்டியிருக்கு."

"ஐயோ அக்கா, இவற்ர அப்பா எண்பத்தேழிலயே தவறிட்டார்."

"அப்ப இவர் ஆர்?"

"இவர் ஒருத்தரும் இல்லை அக்கா."

"ஒருத்தரும் இல்லாதவருக்கு நாற்பது சொந்தமோ?"

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு அத்தானின் கணினி மேசைக்கு முன்னால் போய் நின்றார். அக்கா சத்தம் போட்டால் பயமில்லை. அன்று சத்தமே போடவில்லை.

"பிள்ளையின்ர கலியாணம் வேணுமோ, உந்தக் கோதாரி வேணுமோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

தனுஷிகா கதவில் சாய்ந்து நின்று பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தமிழில், "அப்பா, நீங்கள் என்ன செய்தாலும் எனக்கு ஓகே" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்கு ஓகே இல்லை என்பது கல்லுக்கும் விளங்கியிருக்கும். எனக்கு அத்தானைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. அவர் விசைப்பலகையில் கையை வைத்தபடி ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் தளத்தில் போட்டிருந்த இலக்கத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. அத்தான் எடுத்து, "பொன்ஜூர்" என்று சொல்லி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முடிந்துவிட்டதால் என்னிடம் தந்தார்.

பிணவறையில் இருந்து ஒரு பெண் பேசினாள். மிகவும் மரியாதையாகப் பேசினாள். திரு குணரத்தினத்தின் குடும்பத்தைப் பல நாளாகத் தேடினார்களாம், ஒருவரையும் காணவில்லையாம். அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பொடியன் ஒருவன் இணையத்தில் இந்தப் பக்கத்தைக் காட்டினானாம். இவ்வளவு பெரிய குடும்பத்தைக் கண்டதில் தங்களுக்கெல்லாம் மிகவும் சந்தோசம் என்றாள். மகன் வந்து கையெழுத்து வைத்தால் உடலைத் தருவார்கள். யாரும் வராவிட்டால் அரசாங்கச் செலவில் எங்கேயாவது அடக்கம் செய்துவிடுவார்கள். கடைசியில், தகப்பனாருக்காகத் தன் ஆழ்ந்த அனுதாபத்தை மகனுக்குச் சொல்லச் சொன்னாள்.

நான் சொன்னேன். அத்தான் ஒரு தடவை தலையாட்டினார்.

"போய்க் கையெழுத்து வைப்பம் சஞ்சீவன். ஆளை அங்க விட ஏலாது."

அன்று இரவு அக்காவுக்கும் அவருக்கும் ஒரு உடன்பாடு வந்தது. நான்தான் நடுவில் இருந்து பேசியது. செத்தவீட்டை மரியாதையாகச் செய்வது. வாய்க்கரிசியோ கொள்ளியோ அத்தான் தொடுவதில்லை, மகனுக்குரிய ஒன்றையும் செய்வதில்லை. எரிகிற இடத்தில் தீ மூட்டுகிற விசையை அங்கே வேலை செய்பவர்களே அமத்துவார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் பக்கத்தை அழிப்பது. அழித்தால் துடக்கு இல்லை, கலியாணம் நடக்கும்.

"அழிப்பியள்தானே?" என்று அக்கா கேட்டார்.

"அழிக்கிறன்."

அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பத்து வருடமாக அந்த மனிதரின் பிரசங்கத்தைக் கேட்டவன் நான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் மருமகளின் கலியாணம் அதைவிடப் பெரிது.

செத்தவீட்டுக்கு நாங்கள் மூன்று நான்கு பேர் போவோம் என்று நினைத்திருந்தேன். பெட்டி வைத்திருந்த மலர்ச்சாலை வாசலில் கார் நிறுத்த இடமில்லை. நாற்பது பேரும் வந்திருந்தார்கள், குடும்பத்தோடு. பெறாமகன் என்று ஊருக்கெல்லாம் பெயர் போட்ட பிறகு செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் சனம் என்ன சொல்லும்? அந்தப் பயத்தில்தான் ஒவ்வொருவரும் வந்தது. அருமைராசா அண்ணை வெள்ளை வேட்டி, கையில் கறுப்புப் பட்டி சகிதம் முதல் வரிசையில் இருந்தார். நடன ஆசிரியைகள் இருவரும் வந்து ஆளுக்கொரு மூலையில் நின்று அழுதார்கள். ஒருத்தி அழுதால் மற்றவள் அதைவிடக் கூட அழுதாள்.

ஸ்ரீதரன் பக்கத்தை அச்செடுத்து வந்து, அதன்படி வாய்க்கரிசிக்கு ஆள் கூப்பிட்டார். அங்கேயும் சண்டை.

"நான் பெறாமகன். மருமகனுக்குப் பிறகு என்னைக் கூப்பிடுறியள். இது என்ன முறை?" என்று அருமைராசா கேட்டார்.

"பக்கத்தில அப்பிடித்தான் கிடக்கு அண்ணை."

"அப்ப பக்கம் பிழை. நான்தானே முதல் சேர்ந்தனான்."

பெட்டிக்குள் குணரத்தினத்தார் யாரோ வாங்கிப் போட்ட கோட்டோடு படுத்திருந்தார். அவரை அவ்வளவு கிட்ட நின்று நான் பார்த்தது அன்றுதான். நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். கோப்பை கழுவிக் கழுவி விரல் நுனிகள் எல்லாம் வெளுத்துப் போயிருந்தன. நாற்பது பேரும் வரிசையில் வந்து அரிசி போட்டார்கள். போட்டவர்களில் அரைவாசிப் பேர் அவரோடு ஒரு வார்த்தை கதைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு எரிகிற அறைக்குப் போனோம். சின்ன அறை, நாற்பது பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி. இந்தப் பக்கம் சுவரில் ஒரு பச்சை விசை. மலர்ச்சாலை ஊழியர், ஒரு வயதான மனிதர், கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். நான் முதலே அவரிடம் சொல்லி வைத்திருந்தேன், நீங்களே அமத்துங்கள் என்று. அவர் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்துவிட்டு மனதை மாற்றிக்கொண்டார் போல. இத்தனை பெரிய குடும்பம் நிற்கும்போது அந்நியனான தான் அமத்துவது சரியில்லை, மகன் எங்கே என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார்.

நான் தமிழில் சொல்லவே தேவையில்லாமல் போய்விட்டது. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஸ்ரீதரன் கையில் இருந்த தாளை மடித்தார். அருமைராசா அண்ணை நிலத்தைப் பார்த்தார். விசையில் கை வைத்தவருக்கு அது விளையாட்டுச் சொந்தமாக இராது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தை எங்கே அழித்தும் பிரயோசனம் இல்லை. ஒரு மாதத் துடக்கு, ஆவணி போய்விடும், கலியாணமும்.

அத்தான் அசையவில்லை. ஒருக்கால் கண்ணாடியைப் பார்த்தார், ஒருக்கால் தனுஷிகாவைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துக்கொண்டு, அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றார். ஊழியர் மறுபடியும் கேட்டார், மகன் வரவில்லையா. எனக்கு வெளியே ஓடிவிடலாமா என்று இருந்தது.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். தனுஷிகாவின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பிறகு அத்தானின் முதுகில் கையை வைத்து அந்தப் பச்சை விசைப் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"போங்கோவன். மாமாவை எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது?"